உங்களுக்கு விற்றவர் யார்? – பங்குச் சந்தை கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லாக் கடிதங்களுக்கும் ஊரை மட்டுமே குறிப்பிட்டிருக்கிறேன். கேட்கப்பட்டவை வேறு வேறாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே இடத்தைத் தொடுவதால் அவற்றைச் சேர்த்தே தருகிறேன்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். டெலிகிராம் குழு ஒன்றில் ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கைப் பரிந்துரைத்தார்கள். அப்போது விலை 31 ரூபாய். தினமும் 5 சதவீதம் ஏறிக்கொண்டே இருந்தது. பல நாள் ஆர்டர் போட்டும் கிடைக்கவில்லை. 78 ரூபாய்க்கு வந்தபோது கேட்டவுடன் 1,500 பங்குகள் கிடைத்தன. பிறகு 96 ரூபாயில் 2,000 பங்குகள் வாங்கினேன். 104 வரை போன விலை, கடந்த பதினொரு நாளாகத் தினமும் 5 சதவீதம் இறங்கி 59-ல் நிற்கிறது. விற்கப் போட்டால் ஆர்டர் அப்படியே கிடக்கிறது. திரையில் விற்க ஆறு லட்சம் பங்குகள் இருக்கின்றன. வாங்க ஒன்றுகூட இல்லை. பணிக்கொடையில் 3,09,000 ரூபாய் இதில் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? – காவேரிப்பட்டணம்

ஐயா, உங்கள் கடிதத்தில் ஒரு வரியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பல நாள் கிடைக்காத பங்கு 78 ரூபாயில் கேட்டவுடன் கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை கிடைக்காததற்குக் காரணம், கையில் பங்கு வைத்திருந்தவர்கள் விற்கவில்லை என்பதே. கிடைத்த அன்று அவர்கள் விற்கத் தொடங்கிவிட்டார்கள். உங்களுக்குக் கிடைத்த 1,500 பங்குகளும் யாரோ ஒருவர் கையை விட்டு வந்தவை. அவர் யார், எந்த விலைக்கு வாங்கி வைத்திருந்தார், ஏன் அன்றைக்கு விற்றார் என்ற கேள்விகளை அன்று நம்மில் யாரும் கேட்பதில்லை.

சந்தையில் 'ஆபரேட்டர்' என்று சொல்லப்படுபவர் செய்வது இதுதான். பங்குகள் அதிகம் கைமாறாத, பெயர் தெரியாத ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பங்குகளை மலிவான விலையில் மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்வார். சில சமயம் நிறுவனத்தை நடத்துபவர்களே அவருக்கு உடந்தையாக இருப்பார்கள். பிறகு தன் ஆட்களின் பெயர்களில் உள்ள பல கணக்குகளுக்கிடையே அதே பங்குகளை வாங்கியும் விற்றும் சுற்றிவிடுவார். நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் எளிதில் விளங்கும். மாங்காய் மண்டிக்கு ஒரு லோடு பெங்களூரா ரகக் காய் வருகிறது. கொண்டுவந்தவருடைய ஆட்களே நாலு பேர் ஏலத்தில் நின்று, ஒருவர் மேல் ஒருவர் விலையைக் கூட்டிக் கேட்கிறார்கள். காய் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை, பணமும் கைமாறவில்லை. ஆனால் கரும்பலகையில் விலை ஏறிவிட்டது. அதைப் பார்த்து வெளியூர் வியாபாரி அந்த விலைக்கு எடுத்துக்கொண்டால், ஏலம் கேட்ட நாலு பேரும் அந்த இடத்தைவிட்டுப் போய்விடுவார்கள். மண்டியிலாவது காயைக் கையில் எடுத்து, காம்பைப் பார்த்து, முகர்ந்து பார்க்க முடியும். பங்கில் கண்ணுக்குத் தெரிவது விலை ஒன்றுதான்.

அந்த வெளியூர் வியாபாரியை வரவழைக்கத்தான் டெலிகிராம் குழுவும், யூடியூப் காணொளியும், "இலக்கு 300 ரூபாய்" என்ற குறுஞ்செய்தியும் தேவைப்படுகின்றன. சாதனா பிராட்காஸ்ட் என்ற நிறுவனத்தின் பங்கைப் பற்றி, பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2023 மார்ச் 2-ஆம் தேதி வெளியிட்ட இடைக்கால உத்தரவு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பெரிய தொழில் குழுமம் ஒன்று அந்த நிறுவனத்தை வாங்கப்போகிறது என்பது போன்ற பொய்ச் செய்திகளைச் சொன்ன காணொளிகள் 2022-ல் யூடியூபில் போடப்பட்டு, பணம் செலவிட்டு விளம்பரப்படுத்தப்பட்டன. அந்தக் காலத்தில் அப்பங்கை வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆக உயர்ந்தது என்று அந்த உத்தரவு சொல்கிறது. நிறுவனத்தின் உரிமைதாரர்களும் மற்ற பெரிய பங்குதாரர்களும் அதே காலத்தில் விற்று வெளியேறினார்கள் என்றும் செபி கண்டது. புதிதாக வந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒவ்வொருவரும் உங்களைப் போலவே, கேட்டவுடன் பங்கு கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று எண்ணியிருப்பார்கள்.

இப்போது விற்க ஏன் முடியவில்லை என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான பங்குகளின் விலை ஒரே நாளில் 2, 5, 10 அல்லது 20 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று பங்குச் சந்தைகள் வரம்பு வைக்கின்றன. இதையே 'சர்க்யூட்' என்கிறோம். திடீர்ப் பதற்றத்தைத் தடுக்கவே இது கொண்டுவரப்பட்டது. ஆனால் ஆபரேட்டர் விற்று முடித்த பங்கில், கீழ் வரம்பில் வாங்க ஆளே இல்லாதபோது, இந்த வரம்பு உள்ளே இருப்பவர்களைப் பூட்டி வைத்துவிடுகிறது. தினமும் 5 சதவீதம் இறங்கினால் 100 ரூபாய் பத்து நாளில் ஏறத்தாழ 60 ரூபாய், இருபது நாளில் ஏறத்தாழ 36 ரூபாய். ஆகவே ஏறும் வேகத்தைவிட, இறங்கும்போது நம்மால் வெளியே வர முடியுமா என்பதுதான் இப்படிப்பட்ட பங்குகளில் பார்க்க வேண்டியது.

நீங்கள் செய்யக்கூடியது குறைவே என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். ஒரே விலையில் பல விற்பனை ஆர்டர்கள் இருந்தால் முதலில் பதிந்தவருக்கே முதல் வாய்ப்பு. எனவே மறுநாளுக்கான ஆர்டரை முந்தைய இரவே ஏற்கும் வசதி உங்கள் புரோக்கரிடம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சந்தை திறந்த பிறகு போட்டால் வரிசையின் கடைசியில்தான் நிற்பீர்கள். விலை குறைந்துவிட்டதே, இன்னும் கொஞ்சம் வாங்கிச் சராசரியைக் குறைக்கலாம் என்ற எண்ணம் வரும். அதே குழுவில் இருப்பவர்களும் அதையே சொல்வார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். பணிக்கொடையின் மீதிப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். விற்ற பின் வரும் குறுகிய கால நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் உரிய தேதிக்குள் காட்டிவிட்டால், அடுத்த எட்டு ஆண்டுகளில் வரும் மூலதன ஆதாயத்தில் அதைக் கழித்துக்கொள்ள முடியும். அந்த டெலிகிராம் குழுவின் செய்திகளைத் தேதி தெரியும்படி இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட குழுக்களை நடத்துபவர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். ஏமாற்றியவர் வெளியே நிம்மதியாக இருக்க, ஏமாந்தவர் குற்றவாளியைப் போல ஒளிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வாட்ஸ்அப் குழு மூலம் ஒரு செயலியைப் பதிவிறக்கி, அவர்கள் சொன்ன வங்கிக் கணக்குகளுக்கு 1,40,000 ரூபாய் அனுப்பினேன். செயலியில் இப்போது 9 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால் முதலில் 18 சதவீதம் வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? – ஓசூர், தொழிற்சாலை ஊழியர்

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இது பங்குச் சந்தை மோசடிகூட இல்லை. உங்கள் பணம் சந்தைக்குள் வரவே இல்லை. அந்த 9 லட்சம் ஒரு திரையில் எழுதப்பட்ட எண் மட்டுமே. பங்கு விற்ற லாபத்துக்கான வரியை முன்கூட்டியே கட்டினால்தான் பணம் தருவோம் என்று செபியில் பதிவு பெற்ற எந்த புரோக்கரும் கேட்க முடியாது. இதைப் படித்தவுடன் இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எத்தனை விரைவாகப் புகார் போகிறதோ, அந்த வங்கிக் கணக்குகளில் எஞ்சியிருப்பதை முடக்கும் வாய்ப்பு அத்தனை அதிகம். புரோக்கருக்குப் பணம் அனுப்பும்போது, பதிவு பெற்றவர்களின் யுபிஐ முகவரியில் 'வேலிட்' என்ற சொல் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை செபி 2025 அக்டோபரில் கொண்டுவந்தது. 'செபி செக்' என்ற வசதியில் ஒரு கணக்கு எண் உண்மையில் பதிவு பெற்ற நிறுவனத்துடையதா என்று அனுப்பும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். யாரோ தனிநபர் பெயரிலோ, தெரியாத ஒரு வியாபார நிறுவனத்தின் பெயரிலோ உள்ள கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

என் கணவரின் சித்தப்பா மகன் பெங்களூரில் பங்கு வியாபாரம் செய்கிறார். என் ஆதார், பான் அட்டையை வாங்கி என் பெயரில், பங்குகளை வைத்துக்கொள்ளும் டிமேட் கணக்கும் வங்கிக் கணக்கும் தொடங்கியிருக்கிறார். அந்த சிம் கார்டும் அவரிடமே இருக்கிறது. மாதம் 3,000 ரூபாய் கொடுக்கிறார். எங்கள் மகளிர் குழுவில் இன்னும் நாலு பேரிடம் கேட்டுத் தரும்படி சொல்கிறார். இதில் தவறு ஏதும் உண்டா? – பாலக்கோடு

சகோதரி, கேட்டதே நல்லது. தவறு உண்டு, அந்த நாலு பேரிடமும் தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள்.

மேலே காவேரிப்பட்டணத்து ஆசிரியருக்கு எழுதியதில், ஆபரேட்டர் தன் ஆட்களின் பெயர்களில் உள்ள கணக்குகளுக்கிடையே பங்கைச் சுற்றிவிடுவார் என்று சொன்னேன். அந்தக் கணக்குகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு உங்கள் கடிதமே பதில். ஒருவரே வாங்கி அவரே விற்றால் கணினி உடனே கண்டுபிடித்துவிடும். பாலக்கோட்டில் ஒரு குடும்பத் தலைவி, தருமபுரியில் ஒரு ஓட்டுநர், சேலத்தில் ஒரு மாணவர் என்று இருபது பேர் தனித்தனியே வாங்கியதுபோல் தெரிந்தால், அந்தப் பங்குக்கு உண்மையிலேயே கிராக்கி இருப்பதாக வெளியே இருப்பவர்கள் நம்புவார்கள். உங்கள் உறவினர் அதைத்தான் செய்கிறார் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ளக்கூடிய ஒருவர், உங்கள் பெயருக்கு மாதம் 3,000 ரூபாய் வாடகை கொடுப்பதற்கு நேர்மையான காரணம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

இது பழைய முறைதான். 2003 முதல் 2005 வரை வந்த புதிய பங்கு வெளியீடுகளில் சிறு முதலீட்டாளர்களுக்கென ஒதுக்கப்பட்ட பங்குகளை, ஆயிரக்கணக்கான போலிப் பெயர்களில் டிமேட் கணக்குகளைத் திறந்து சிலர் அள்ளிக்கொண்டார்கள். யெஸ் பேங்க், ஐடிஎஃப்சி பங்கு வெளியீடுகளும் அவற்றில் அடங்கும். அப்போது இல்லாத ஆட்களின் பெயரில் செய்தார்கள். ஆதாரும் பான் எண்ணும் சரிபார்க்கப்படும் இந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும் ஆட்களின் பெயர் தேவைப்படுகிறது. விசாரணை வந்தால் செபியின் நோட்டீஸ் வருவது உங்கள் முகவரிக்குத்தான். மோசடியான பங்கு வர்த்தகத்துக்குச் சட்டப்படி குறைந்தது 5 லட்சம் ரூபாய் முதல் 25 கோடி ரூபாய் வரையோ, அடைந்த லாபத்தைப் போல மூன்று மடங்கு வரையோ, எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்க முடியும். அதுதவிர, உங்கள் பான் எண்ணில் நடந்த ஒவ்வொரு பரிமாற்றமும் வருமான வரித் துறையின் பதிவில் உங்கள் பெயரிலேயே ஏறிக்கொண்டிருக்கும்.

வங்கிக்கு நேரில் போய் அந்தக் கணக்கில் கைபேசி எண்ணை உங்கள் சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். டிமேட் கணக்கிலும் அப்படியே மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுத்து, இதுவரை நடந்தவற்றின் முழு அறிக்கையை வாங்குங்கள். பிறகு இரண்டையும் மூடிவிடலாம். உறவில் வருத்தம் வருமே என்று தயங்குவீர்கள். "பான் அட்டையில் வரி நோட்டீஸ் வரும் என்று சொல்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று கணவர் மூலமாகச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

இரண்டு ஆண்டுகளில், வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் ஆப்ஷனில் 2,40,000 ரூபாய் இழந்தேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று சந்தையை வளைத்து 4,843 கோடி சம்பாதித்ததாகச் செய்தியில் பார்த்தேன். அப்படியானால் என் பணத்தை அவர்கள்தானே எடுத்தார்கள்? திரும்பக் கிடைக்குமா? – கிருஷ்ணகிரி, கைபேசிக் கடை வைத்திருப்பவர்

நீங்கள் குறிப்பிடுவது ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது செபி 2025 ஜூலை 3-ஆம் தேதி பிறப்பித்த இடைக்கால உத்தரவு. 4,843.57 கோடி ரூபாயை முறைகேடான ஆதாயம் என்று கூறி, அதைத் தனிக் கணக்கில் செலுத்தும்படி செபி ஆணையிட்டது. நிறுவனம் தொகையைச் செலுத்திவிட்டு, தான் செய்தது வழக்கமான வர்த்தகமே என்று மறுத்து, பங்குச் சந்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஆகவே நான் கீழே விளக்குவதைச் செபியின் குற்றச்சாட்டு என்ற அளவிலேயே படிக்க வேண்டும்.

அந்த உத்தரவில் 2024 ஜனவரி 17 என்ற ஒரு நாள் விரிவாக எடுத்துக்காட்டப்படுகிறது. எச்டிஎஃப்சி வங்கி முந்தைய நாள் வெளியிட்ட காலாண்டு முடிவுகள் சந்தைக்குப் பிடிக்காமல் போகவே, அன்று காலை வங்கிப் பங்குகள் இறங்கித் திறந்தன. அந்த நேரத்தில் இந்த நிறுவனம் வங்கிப் பங்குகளையும் பின்னொரு தேதிக்கு வாங்க விற்க இன்றே விலை பேசும் அவற்றின் ஃபியூச்சர் ஒப்பந்தங்களையும் ஏறத்தாழ 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கிக் குறியீட்டைத் தாங்கிப் பிடித்தது என்பது குற்றச்சாட்டு. குறியீடு மீள்கிறது என்று நம்பியவர்கள், குறியீடு ஏறினால் லாபம் தரும் ஆப்ஷனான 'கால்' வாங்க, அதன் விலை கூடியது, இறங்கினால் லாபம் தரும் 'புட்' மலிவானது. அதே நேரத்தில் நிறுவனம் அந்த விலை கூடிய காலை விற்று, மலிவான புட்டை வாங்கி, பங்கில் போட்டதைப் போலப் பல மடங்கு பெரிய அளவில் ஆப்ஷனில் எதிர்த்திசையில் நின்றது. பிறகு, வாங்கிய பங்குகளையெல்லாம் அன்றே விற்றது, குறியீடு சரிந்தது. பங்கில் ஏறத்தாழ 61 கோடி நஷ்டம், ஆப்ஷனில் ஏறத்தாழ 735 கோடி லாபம் என்று உத்தரவு கணக்கிடுகிறது. அன்று காலையில், குறியீடு மீள்கிறது என்று நினைத்து யாராவது கால் வாங்கியிருந்தால், அவருக்கும் கேட்டவுடன் கிடைத்திருக்கும்.

ஆனால் உங்களிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டு நஷ்டம் முழுவதையும் ஒரு நிறுவனத்தின் கணக்கில் எழுத முடியாது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷனில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சராசரி நஷ்டம், செலவுகளையும் சேர்த்து, ஆளுக்கு ஏறத்தாழ 2 லட்சம். எல்லோரும் சேர்ந்து இழந்தது 1.8 லட்சம் கோடிக்கு மேல். சந்தை அசையாமல் நின்றாலே நாள் ஆக ஆக மதிப்பு கரைந்துபோகும் பொருள் ஆப்ஷன். வாங்கினாலும் விற்றாலும் தரகும் வரியும் உண்டு. எந்தச் சூழ்ச்சியும் இல்லாத நாளில்கூடக் கைபேசியில் பார்த்து வாங்கும் ஒருவர், நொடிக்கு ஆயிரம் ஆர்டர் போடும் கணினிகளோடு போட்டி போடுகிறார். இதை உங்கள் மனம் நோக வேண்டும் என்று சொல்லவில்லை. 'என்னை ஏமாற்றிவிட்டார்கள், அவர்களைப் பிடித்துவிட்டார்கள், இனிமேல் சந்தை நேர்மையாக இருக்கும்' என்று எண்ணி மறுபடி உள்ளே போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

பணம் திரும்புமா என்றால், எதிர்பார்க்காதீர்கள். மேலே பாலக்கோட்டுக் கடிதத்தில் சொன்ன புதிய பங்கு வெளியீட்டு மோசடியில் யாருக்குக் கிடைக்க வேண்டிய பங்கு கிடைக்காமல் போனது என்று விண்ணப்பங்களை வைத்துக் கணக்கிட முடிந்ததால், பறிமுதல் செய்த தொகையைச் செபி 2010-ல் அந்த விண்ணப்பதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தது. ஆப்ஷனில் எந்த ரூபாய் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அப்படிப் பிரித்துக் காட்டுவது மிகக் கடினம். பறிக்கப்படும் தொகை பெரும்பாலும் செபியின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்ச் சேரும். பங்குச் சந்தைகளிடம் வேறொரு பாதுகாப்பு நிதி இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது புரோக்கர் திவாலானால் உதவுவதற்கானது, விலை இறங்கியதால் வந்த நஷ்டத்துக்கு அல்ல.

ஹர்ஷத் மேத்தாவின் கதையைத் திரையில் பார்த்த என் நண்பர்கள் அவரைப் பெரிய திறமைசாலி என்கிறார்கள். அவரால் யாருக்கு என்ன நஷ்டம்? – தருமபுரி, கல்லூரி மாணவர்

திறமை இருந்ததை மறுக்கவில்லை. வங்கிகள் தங்களுக்குள் அரசுக் கடன் பத்திரங்களைக் கைமாற்றிக்கொள்ளும்போது, பத்திரத்துக்குப் பதிலாக ஒரு ரசீது கொடுக்கும் பழக்கம் அப்போது இருந்தது. பத்திரமே இல்லாமல் சில சிறு வங்கிகளிடமிருந்து ரசீதுகளை வாங்கி, அவற்றைக் காட்டிப் பெரிய வங்கிகளின் பணத்தை எடுத்துப் பங்குகளில் கொட்டினார். ஏசிசி சிமெண்ட் பங்கு ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை போனது. அந்த நிறுவனத்தின் சிமெண்ட் திடீரென 45 மடங்கு விற்கவில்லை. வாங்கிய பணம்தான் வேறு யாருடையதோவாக இருந்தது. 1992 ஏப்ரலில் சுசேதா தலால் என்ற பத்திரிகையாளர் இதை வெளிக்கொண்டுவந்தார். அதே மாதத்தில் 4,400 புள்ளிகளைக் கடந்திருந்த சென்செக்ஸ் அடுத்த ஓராண்டில் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. உங்கள் நண்பர்கள் பார்த்த கதையில், 8,000 ரூபாய்க்கு ஏசிசி வாங்கிய குமாஸ்தாவின் முகம் வந்திருக்காது.

அப்படி ஒரு முகத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அது மேத்தா காலத்தில் அல்ல, கேதன் பாரேக் என்ற பங்குத் தரகரின் காலத்தில். 2000-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரியில் துணைத் தரகர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கணினித் திரை. அதைச் சுற்றிப் பத்து நாற்காலிகள். புளி வியாபாரி ஒருவர் தினமும் காலையில் வந்து முதல் நாற்காலியில் உட்காருவார். பாரேக்கின் விருப்பப் பங்குகளை 'கே-10' என்று சொல்வார்கள். ஹிமாச்சல் ஃபியூச்சரிஸ்டிக், சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா கிராஃபிக்ஸ், டி.எஸ்.கியூ. சாஃப்ட்வேர் போன்றவை அவற்றில் அடங்கும். புளி வியாபாரிக்கு மென்பொருள் என்றால் என்னவென்று தெரியாது, எனக்கும் தெரியாது. விலை ஏறுகிறது என்பது இருவருக்கும் தெரிந்தது. ஏறும்போது அவர் கேட்ட விலைக்கு வாங்கிக் கொடுத்தது எங்கள் அலுவலகம்தான், ஆர்டர் சீட்டை எழுதியது என் கை. 2001 மார்ச்சில் அந்தப் பங்குகள் விழுந்தன. பாரேக்குக்குப் பணம் கொடுத்திருந்த மாதவபுரா மெர்க்கண்டைல் கூட்டுறவு வங்கியும் விழுந்தது. புளி வியாபாரி அதன் பிறகும் பல நாள் வந்தார். பேசமாட்டார். ஒப்பந்தச் சீட்டுகளை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசையில் அடுக்குவார், திரையைப் பார்ப்பார், மறுபடி பையில் வைத்துக்கொள்வார். ஒரு நாளும் எங்களைத் திட்டவில்லை. இந்தப் பகுதியை நான் எழுத ஒப்புக்கொண்டதற்கு அவரும் ஒரு காரணம்.

மேத்தா 2001 டிசம்பர் 31-ல் சிறைக் காவலில் இருந்தபோது இறந்தார். பாரேக்குக்கு 14 ஆண்டுகள் சந்தையில் ஈடுபடத் தடை விதிக்கப்பட்டது. அந்தத் தடைக் காலம் முடிந்த பிறகு, 2025 ஜனவரியில், பெரிய முதலீட்டாளர்களின் ஆர்டர் விவரத்தை முன்கூட்டியே அறிந்து வர்த்தகம் செய்த குற்றச்சாட்டில் செபியின் இடைக்கால உத்தரவு ஒன்றில் அவர் பெயர் மறுபடி இடம்பெற்றது. உங்கள் நண்பர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

ஒரு பங்கில் இப்படி நடக்கிறதா என்று எங்களைப் போன்றவர்கள் வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா? – ஊத்தங்கரை, விவசாயி

உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது, சந்தேகப்பட முடியும். பெரும்பாலும் அதுவே போதும்.

பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டு முடிந்த 21 நாளுக்குள் தன் பங்குகள் யார் யாரிடம் உள்ளன என்ற விவரத்தைப் பங்குச் சந்தையிடம் கொடுக்க வேண்டும். தேசியப் பங்குச் சந்தை, மும்பைப் பங்குச் சந்தை இரண்டின் இணையதளங்களிலும் இதை இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு காலாண்டு விவரங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 2 லட்சம் ரூபாய் வரை முகமதிப்புள்ள பங்குகளை வைத்திருக்கும் தனிநபர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணிக்கை சில நூறிலிருந்து பல ஆயிரமாகக் கூடி, அதே காலத்தில் நிறுவனரின் பங்கோ பெரிய தனிநபர்களின் பங்கோ குறைந்திருந்தால், விலை ஏற ஏறத் தெரிந்தவர்கள் விற்க, தெரியாதவர்கள் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். இந்த விவரம் தாமதமாகத்தான் வரும். சூழ்ச்சி ஐந்து வாரத்தில் முடிந்துவிடலாம். அதனால் அன்றன்றைக்கே பார்க்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒருவர் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ, அவர் பெயர் அன்று மாலையே 'பல்க் டீல்' என்ற பட்டியலில் வெளியாகும். கேள்விப்படாத இரண்டு மூன்று பெயர்களே ஒருநாள் வாங்கியும் மறுநாள் விற்றும் அந்தப் பட்டியலில் சுற்றிச் சுற்றி வந்தால், மண்டியில் ஏலம் கேட்ட அந்த நாலு பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பங்குச் சந்தைகளே சந்தேகத்துக்குரிய பங்குகளை ஏஎஸ்எம், ஜிஎஸ்எம் என்ற கண்காணிப்புப் பட்டியல்களில் வைக்கின்றன. வாங்கும்போது உங்கள் புரோக்கரின் செயலி அதைப் பற்றி எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் அதை மூடிவிட்டு வாங்கியவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அந்தப் பட்டியலில் இருப்பதாலேயே நிறுவனம் மோசடியானது என்று பொருளில்லை. விலை நடமாட்டம் இயல்பாக இல்லை என்று பொருள். மாங்கூழ் ஆலையோ கிரானைட் ஏற்றுமதி நிறுவனமோ, நம் பக்கத்து நிறுவனம் என்பதற்காக மட்டும் வாங்குகிறவர்களும் இதைப் பார்க்கத் தவற வேண்டாம்.

விவசாயத்தில் மிச்சமாகும் பணத்தைப் போட நினைத்தால், பெரிய நிறுவனங்கள் ஐம்பதை மொத்தமாக வாங்கும் குறியீட்டு மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவதையே உங்களுக்குச் சொல்வேன். அதிலும் விலை இறங்கும். ஆனால் பணம் வேண்டும் என்ற நாளில் விற்று எடுக்க முடியும்.

புகார் செய்ய வேண்டுமானால் எங்கே, எப்படி? – அரூர்

முதலில் புரோக்கருக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் கொடுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் செபியின் 'ஸ்கோர்ஸ்' இணையதளத்தில் பதியலாம். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் பதிய வேண்டும். எதிர்த்தரப்பு 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலும் போதாது என்றால் அங்கேயே மறு ஆய்வு கேட்கலாம். சமரசத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் 'ஸ்மார்ட் ஓடிஆர்' என்ற தனித் தளம் இருக்கிறது. சந்தேகம் கேட்கச் செபியின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 266 7575. புகாருடன் ஒப்பந்தச் சீட்டு, டிமேட் அறிக்கை, வங்கி அறிக்கை, வந்த செய்திகளின் படங்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன விலையில், யார் சொல்லி வாங்கினீர்கள் என்பதைச் சுருக்கமாக எழுதினால் போதும். ஆவணங்களைத் திரட்டுவதில் தடுமாற்றம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அடையாள எண்களையும் கடவுச்சொல்லையும் ஓடிபி எண்ணையும் மட்டும் எனக்கும் அனுப்ப வேண்டாம்.